மூச்சுக்குச் செலவழிப்பதா, காலுக்குச் செலவழிப்பதா?

யாழ்ப்பாணத்தில் ஒரு வயதானவர் சளியும் முட்டுமாக வார்டில் கிடந்து வீட்டுக்கு வந்தால், அன்றிரவே ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ அழைப்பு வந்துவிடும். "என்ன மெஷின் வேணுமெண்டு கேட்டுச் சொல்லுங்கோ, காசைப் போட்டுவிடுறன்." தூரத்தில் இருக்கிற பிள்ளையின் தவிப்பு அது, அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காசு பெரும்பாலும் போய்ச் சேர்வது நெபுலைசருக்கு (மருந்தை நுண்துளியாக்கி மூச்சில் தரும் மெஷின்), அல்லது ஒட்சிசன் மெஷினுக்கு. இரண்டும் கடையில் விலை கேட்டு வாங்கக்கூடியவை, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடியவை. அதே காசில் செய்யக்கூடிய வேறு இரண்டு காரியங்கள் கண்ணில் படுவதில்லை. ஒன்று, அந்த மனிதரின் காலைப் பலப்படுத்துவது. மற்றது, அவர் புழங்கும் வீட்டைச் சற்று மாற்றுவது.

இந்த நான்கில் எதை முதலில் எடுப்பது? என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் கால் முதலில், வீடு அடுத்தது, நெபுலைசர் கடைசி. ஒட்சிசனுக்கு இந்த வரிசையில் நிலையான இடமில்லை. அளந்து பார்த்துத் தேவை என்று உறுதியானால் அது எல்லாவற்றுக்கும் முன்னால் வரும், உறுதியாகாவிட்டால் பட்டியலிலேயே வராது.

நான் பேசுவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பற்றி. கிளினிக் கொப்பியில் சிஓபிடி என்று எழுதியிருக்கும். தொய்வு (ஆஸ்துமா) வந்து போகும், இடையில் ஆள் சுகமாக இருப்பார். இது அப்படியல்ல. சுருங்கிய மூச்சுக்குழாய்கள் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. இளவயதிலிருந்து சுருட்டுப் பிடித்த ஆண்களுக்கு வரும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். புகைத்தே அறியாத பெண்களுக்கும் வரும் என்பது அவ்வளவாகத் தெரியாது. நாற்பது ஐம்பது வருடம் காவோலையும் பொச்சுமட்டையும் வைத்து ஊதி ஊதிச் சமைத்த நெஞ்சு அது. முன்பு காசநோய் வந்து ஆறிய நுரையீரலிலும் இந்த அடைப்பு மிஞ்சலாம்.

எங்கள் பெரியம்மா இரண்டாவது வகை. கோண்டாவிலில் இருக்கிறா. எழுபதைத் தாண்டிவிட்டா. அவவைப் பார்த்துத்தான் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

மூச்சு முட்டுகிறவர் என்ன செய்வார்? ஓரிடத்திலேயே இருப்பார். முற்றத்துக்குப் போனால் இளைக்கிறது, அதனால் விறாந்தையோடு நிற்பார். பிறகு விறாந்தையும் தூரமாகிவிடும். இருக்க இருக்கத் தொடைத் தசை கரைகிறது. கரைந்த தசை கொஞ்ச வேலைக்கே களைத்து, அமிலத்தைக் கூடுதலாக உண்டாக்குகிறது. அதை ஈடுகட்ட நுரையீரல் இன்னும் வேகமாக இயங்கவேண்டியிருக்கிறது. அடைப்பு உள்ள நுரையீரலால் வேகமாகக் காற்றை வெளியே விட முடியாது. பழைய காற்று உள்ளே தேங்க, புதுக் காற்றுக்கு இடம் குறைகிறது. ஆக, போன வருடம் இருந்த அதே நுரையீரலோடு இந்த வருடம் இரு மடங்கு இளைக்கலாம். "நோய் கூடிப்போச்சு" என்று வீட்டில் சொல்வதில் ஒரு பங்கு நோய், மறு பங்கு கால்.

இந்தத் தளர்ச்சியை வைத்தியர்கள் இப்போது தனியாகவே அளக்கிறார்கள். 2001இல் லிண்டா ஃபிரீட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்த ஐந்து அடையாளங்கள் பரவலாகப் புழக்கத்தில் உள்ளன: முயலாமலே ஒரு வருடத்தில் நாலரை கிலோ அளவு மெலிவது, எதைச் செய்தாலும் அசதி, கைப்பிடியில் பலமின்மை, மெதுவான நடை, உடல் அசைவு குறைவது. மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசற்படியில் நிற்கிறார். வீட்டில் பார்க்க இதைவிட எளிய வழிகள் உண்டு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து தரம் எழும்பி இருக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும். 15 விநாடிக்கு மேல் எடுத்தால் கால் தசை பலவீனம் என்று கொள்ளலாம். தரையில் 4 மீற்றர் அளந்து கோடு போட்டு, வழமையான நடையில் நடக்கச் சொல்லுங்கள். 5 விநாடிக்குள் கடக்கவில்லை என்றால் நடை தளர்ந்துவிட்டது.

பெரியம்மாவுக்கு கை கட்டிக்கொண்டு ஒரு தரமும் எழும்ப முடியவில்லை. இரண்டு தரம் முன்னுக்கு ஆடி, தொடையில் கையை ஊன்றி, மூன்றாவது ஆட்டத்தில் எழும்பினா. எழும்பியதும் சுவரைப் பிடித்தா. நுரையீரலுக்கு வாங்கும் எந்த மெஷினும் அந்தச் சுவரைப் பிடித்த கைக்குப் பதில் ஆகாது.

நெபுலைசரும் ஒரு பிளாஸ்ரிக் குடுவையும்

நெபுலைசருக்கு எங்கள் சனத்திடம் தனி மரியாதை. ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டி ஓடிப்போனபோது அதைத்தான் முகத்தில் வைத்தார்கள், சுகம் வந்தது, ஆகவே அது வீட்டில் இருந்தால் ஆஸ்பத்திரி வீட்டில் இருக்கிறமாதிரி. இந்த நினைப்புத்தான் அதை விற்கிறது.

உள்ளே போவது பம்பில் (வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர்) இருக்கிற அதே வகை மருந்துதான், பெரும்பாலும் மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல். பம்பின் வாயில் ஸ்பேசர் என்ற குடுவையைப் பொருத்தி இழுத்தால், பெரும்பாலானவர்களுக்கு நெபுலைசருக்குக் கிட்டிய பலன் கிடைக்கிறது. குடுவை இல்லாமல் பம்பை நேரே வாய்க்குள் அடித்தால்தான் மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டிவிடுகிறது. 1999இல் தென்னாப்பிரிக்காவில் தொய்வு வந்த சிறுவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலை வெட்டிச் செய்த ஸ்பேசரே கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது. போத்தலை வெட்டச் சொல்லி இதை எழுதவில்லை. எவ்வளவு எளிய சாமான் எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்பதற்காக.

நெபுலைசருக்குக் கரண்ட் வேண்டும், ஒவ்வொரு தரமும் பத்து நிமிடம் அளவில் இருக்கவேண்டும், மருந்துக் கிண்ணத்தைக் கழுவி உலர்த்தவேண்டும். கழுவாத கிண்ணத்தில் கிருமி வளரும், அதையே திரும்ப நெஞ்சுக்குள் அனுப்புவோம். எனக்குப் பெரிய பயம் வேறு. மெஷின் வீட்டில் இருக்கும் தைரியத்தில், உண்மையாகவே நோய் முற்றும் நாளில் "இன்னொருக்கா பிடிச்சுப் பாப்பம்" என்று இரவைக் கழித்துவிட்டு விடியத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அளவுக்கு மிஞ்சிப் பிடித்தால் கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் வேறு வரும்.

ஆனாலும் சிலருக்கு நெபுலைசர் சரியான தெரிவுதான். மறதி நோய் முற்றியவர், சொன்னபடி மூச்சை இழுக்கத் தெரியாதவர், ஸ்பேசரில் முகமூடி பொருத்திக் கொடுத்தும் ஒத்துழைக்க முடியாதவர். இவர்களுக்கு வைத்தியரே எழுதித் தந்தால் வாங்குங்கள்.

தளர்ச்சி வந்தவருக்கு மருந்து இழுக்கும் முறையே மாறவேண்டியிருக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பெரியம்மாவுக்குக் கிளினிக்கில் கொடுத்தது தூள் அடைத்த குளிசை. அதைக் கருவிக்குள் போட்டு, திருப்பி உடைத்து, வேகமாக ஒரே இழுவையில் இழுக்கவேண்டும். விரல்கள் வாதத்தில் மடங்கிக் கிடக்கின்றன, கண்ணும் மங்கல். குளிசையைப் பிரிக்கும்போதே பாதித் தூள் மடியில் கொட்டியது, மீதியை இழுக்க மூச்சில் வேகம் இல்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். மருந்து உள்ளே போகவே இல்லை. பம்புக்கும் ஸ்பேசருக்கும் மாற்றித் தந்தபோது நிலைமை மாறியது. ஒரு அழுத்து, குடுவைக்குள் ஆறுதலாக நாலைந்து மூச்சு, பிறகுதான் அடுத்த அழுத்து. ஸ்ரெரொயிட் பம்பு என்றால் முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பவேண்டும். குடுவையைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காயவிடவேண்டும். துடைத்தால் உட்சுவரில் மின்னேற்றம் பிடித்து மருந்து அதில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த கிளினிக்கில் தாதியின் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். செலவில்லாத காரியம்.

ஒட்சிசன் மெஷின்: அளக்காமல் வாங்காதீர்கள்

மூச்சு முட்டுகிறது என்றால் ஒட்சிசன் குறைகிறது என்று நினைப்பது இயல்பு. இந்த நோயில் இரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. விரலில் மாட்டும் ஒக்ஸிமீட்டரில் ஒட்சிசன் அளவு நூற்றுக்கு 95 காட்டிக்கொண்டே ஒருவர் இளைத்துத் துடிக்கலாம். காற்று வெளியே போகாமல் தேங்குவதால் வரும் முட்டு அது, ஒட்சிசன் கொடுத்து அதைத் தணிக்க முடியாது.

யாருக்கு உண்மையில் பயன்? இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. 1981இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வு ஒன்றில், இரத்தத்தில் ஒட்சிசன் மிகவும் தாழ்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 15 மணிநேரமாவது ஒட்சிசன் கொடுத்தார்கள். 5 வருடத்தில், ஒட்சிசன் பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தார்கள், பெற்ற 42 பேரில் 19 பேர். ஒட்சிசன் அவ்வளவு தாழ்ந்தவர்களுக்கு அது உயிர் காக்கும். ஆனால் 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு, ஓரளவு மட்டும் தாழ்ந்த 738 பேரை எடுத்துப் பார்த்தது. இருக்கும்போது 89 முதல் 93 வரை காட்டியவர்களும், நடக்கும்போது மட்டும் குறைந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒட்சிசன் பெற்றவர்கள் கூடுதலாக வாழவும் இல்லை, ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக் குறையவும் இல்லை, கூடுதல் தூரம் நடக்கவும் இல்லை.

ஆகவே கோடு எங்கே என்றால், நோய் தணிந்து நிலையாக இருக்கும்போது, சும்மா இருக்கையில் 88 அல்லது அதற்குக் கீழ். இரத்தப் பரிசோதனையில் ஒட்சிசனின் அழுத்தம் 55 மில்லிமீற்றர் (பாதரசம்) அல்லது அதற்குக் கீழ். இருதயம் பாதித்திருந்தால் இந்தக் கோடு சற்று மேலே போகும், அதை வைத்தியர் சொல்வார். வார்டிலிருந்து வரும் நாளில் குறைந்து காட்டியவர் பலர் ஓரிரு மாதத்தில் தாமாகவே ஏறிவிடுவார்கள், எனவே திரும்ப அளந்து பார்க்காமல் நிரந்தரமாக மாட்டிவிடக் கூடாது. விரல் கருவியையும் முழுதாக நம்ப முடியாது. குளிர்ந்த விரலில் தடுமாறும், கருமையான தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு இரத்தத்தில் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

இனி வீட்டுக் கணக்கு. 5 லீற்றர் கொன்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் மெஷின்) ஏறக்குறைய 350 வாட்ஸ் இழுக்கும் என்று வையுங்கள். 15 மணிநேரம் ஓடினால் நாளுக்கு ஐந்தேகால் யூனிட், மாதத்துக்கு 157 யூனிட்டுக்கு மேல். மின்கட்டணம் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் படிமுறையில் இருக்கிற எங்கள் நாட்டில், சிக்கனமாக மின்சாரம் பாவிக்கும் ஒரு வீட்டின் பில் எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். மெஷினை வாங்கித் தந்த பிள்ளை பில்லையும் கட்டுவாரா என்பது வாங்குமுன் பேசவேண்டிய பேச்சு. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம்வரை கரண்ட் வெட்டியதை மறந்திருக்க மாட்டோம். மெஷினை நம்பி இருப்பவருக்கு ஒரு சிலிண்டரும் பக்கத்தில் நிற்கவேண்டும்.

இன்னும் இரண்டு ஆபத்து. ஒட்சிசன் ஓடும் அறையில் சுவாமி விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, சுருட்டு எதுவும் கூடாது, துணியும் மயிரும் நொடியில் பற்றும். மற்றது, "மூச்சு முட்டுது, கூட்டி விடு" என்று குமிழைத் திருப்புவது. இந்த நோயாளிகள் சிலருக்கு ஒட்சிசன் மிஞ்சினால் கரியமிலவாயு உடலில் தேங்கி, அரைத் தூக்கமாகி மயக்கத்தில் போய் முடியும். அப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவாக இலக்கு 88 முதல் 92 வரை, 100 அல்ல.

தளர்ந்தவருக்கு ஒரு மறைமுக விலையும் உண்டு. குழாய் எட்டும் தூரமே அவருடைய உலகம் ஆகிவிடுகிறது, அந்தக் குழாயே தடக்கி விழவும் வைக்கிறது. தேவையானவருக்கு இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தேவையில்லாதவருக்குக் காசு கொடுத்து வாங்கிய கால்விலங்கு அது.

காலுக்குப் போடும் காசு

2016இல் லண்டனில் செய்த ஓர் ஆய்வை இங்கே சொல்லவேண்டும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு (நடையும் தசைப் பயிற்சியும்) வந்த 816 சிஓபிடி நோயாளிகளில் நான்கில் ஒரு பங்கினர் தளர்ச்சி உள்ளவர்கள். பயிற்சியை முடித்த தளர்ந்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல், முடிவில் தளர்ச்சி என்ற வரையறையிலிருந்தே வெளியே வந்துவிட்டார்கள். நோய் போகவில்லை, நுரையீரல் அப்படியே இருந்தது. மாறியது உடம்பு. மேலே பார்த்த மெஷின் எதுவும் தர முடியாத பலன் இது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: தளர்ந்தவர்கள் பயிற்சியை இடையில் விட்டுவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. சளி கூடுகிறது, வார்டுக்குப் போகிறார்கள், வாகனம் கிடைப்பதில்லை. யாருக்கு அதிகம் பயனோ அவர்தான் முதலில் விடுபடுகிறார்.

எனவே ஆஸ்பத்திரியில் பயிற்சியா, வீட்டில் பயிற்சியா என்பது எங்கள் மாவட்டத்தில் சாதாரணக் கேள்வி இல்லை. கிழமைக்கு இரண்டு மூன்று தரம், ஆறு எட்டுக் கிழமை போய்வரவேண்டும். நல்லூரிலோ கொக்குவிலிலோ இருப்பவர் ஓட்டோவில் போதனா வைத்தியசாலைக்கு வந்துவிடலாம். நெடுந்தீவில் இருப்பவர் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்கவேண்டும். மூச்சு முட்டும் மனிதருக்கு அந்தப் பயணமே நாள் முழுவதற்குமான உழைப்பு. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே பயிற்சி சொல்லித்தரும் பிசியோவைப் பார்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

முடியாவிட்டால் வீடு இரண்டாந்தரம் என்று நினைக்கத் தேவையில்லை. அவுஸ்திரேலியாவில் 166 பேரிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், ஒரு குழு வழமைபோல நிலையத்துக்குப் போனது. மற்றக் குழுவினரின் வீட்டுக்கு பிசியோ ஒரேயொரு தரம் போனார், பிறகு கிழமைக்கொரு தொலைபேசி அழைப்பு மட்டும். எட்டுக் கிழமை முடிவில் வீட்டுக் குழு நடந்த தூரம் நிலையக் குழுவுக்குக் குறையவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் பயன் கரைந்துபோயிருந்தது, அதையும் சொல்லவேண்டும். விட்டால் போய்விடும்.

என் தெரிவு இரண்டையும் கலப்பது. வைத்தியர் சம்மதித்த பிறகு, ஆஸ்பத்திரியில் பிசியோவிடம் ஓரிரு தரம் போய்ப் படித்துவிட்டு, அல்லது காசு இருந்தால் வீட்டுக்கு ஒருவரை அழைத்துவிட்டு, மீதியை வீட்டில் செய்வது. வெளிநாட்டுக் காசுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கிழமைக்கொரு அழைப்பு அந்தப் பிள்ளை எப்படியும் எடுப்பதுதான். "சாப்பிட்டீங்களோ, மருந்து குடிச்சீங்களோ" என்பதோடு "கதிரையாலை எத்தினை தரம் எழும்பினனீங்கள் அம்மா" என்றும் கேட்டால், பிசியோவின் அழைப்புக்கு ஈடாகாவிட்டாலும், அடுத்த கிழமை கேட்பான் என்ற நினைவிலாவது எழும்புவார்கள்.

செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கைபிடி உள்ள உயரமான கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, எழும்புவதும் இருப்பதும். முதலில் கையை ஊன்றி, பிறகு ஒற்றைக் கையோடு, பிறகு கையில்லாமல். எழும்பும்போது மூச்சை விடவேண்டும், இருந்துகொண்டு எடுக்கவேண்டும். பெரியம்மா இதைத் தலைகீழாகச் செய்வா, மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பி, நின்று இளைப்பா. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விடப் பழக்கியபோது அந்த இளைப்பு நன்றாகக் குறைந்தது. குவித்த உதடு மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது, தேங்கிய காற்று வெளியே போக நேரம் கிடைக்கிறது. அப்புறம் நடை. வெயில் ஏறுமுன், ஒழுங்கையில் யாரும் குப்பை கொழுத்துமுன். நடந்து, நின்று, மதிலில் சாய்ந்து, திரும்ப நடக்கலாம். கைக்கு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு போதும்.

இளைக்கவேண்டும் என்பதே இதில் பலருக்கு ஏறாத விஷயம். வாய்விட்டுச் சிறு வசனம் பேசக்கூடிய அளவு இளைப்பு பயிற்சிக்கு வேண்டியதுதான், அதனால் நுரையீரல் கெடாது. நெஞ்சு நோ, தலைச்சுற்று, வழமைக்கு மாறான படபடப்பு வந்தால் மட்டும் நிறுத்தி வைத்தியரிடம் சொல்லவேண்டும். "ஏன் அம்மா எழும்பிறியள், இருங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்ற எங்கள் வீட்டு அன்பு இந்த நோயில் ஒரு பாதகம்.

சாப்பாடில்லாமல் தசை வராது. நோயுள்ள முதியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் புரதம் என்ற அளவையாவது எட்டப் பார்க்கவேண்டும் (சிறுநீரக நோய் இருந்தால் வைத்தியரைக் கேட்டு). 45 கிலோ உள்ள பெரியம்மாவுக்கு 54 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். முட்டை சூடு, தயிர் குளிர், மீன் சளி என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் கஞ்சியும் பிஸ்கற்றுமாக நிற்கிற வீடுகளை நான் கண்டிருக்கிறேன். வயிறு நிறைந்தால் உதரவிதானம் இறங்க இடமில்லாமல் மூச்சு முட்டும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம் கொடுங்கள். அடிக்கடி பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரெரொயிட் குளிசை எடுத்தவருக்கு அந்த மருந்தும் தசையைத் தின்னும், அவருக்கு இது இன்னும் முக்கியம். வைத்தியர் சொன்ன நாட்களுக்கு மேல் அந்தக் குளிசையைப் பழைய மருந்துத் துண்டைக் காட்டி வாங்கிப் போடாதீர்கள்.

வீடும் ஆளும்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் எதையும் ஒப்பிடவேண்டியதில்லை, எல்லாமே செய்யவேண்டியவை. விறகடுப்பு முதலில் போகவேண்டும், அல்லது அவராவது அடுப்படியிலிருந்து போகவேண்டும். நுளம்புத்திரி அடுத்தது. ஒரு திரி முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவு என்று 2003இல் அளந்திருக்கிறார்கள். வலை கட்டுங்கள். குளிக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை, சுவரில் பிடி, குந்தும் கக்கூசின் மேல் கொமோட் கதிரை. வாளி தூக்குவது, குனிந்து தேய்ப்பது, கையை உயர்த்திக் கொடியில் உடுப்புப் போடுவது, மூச்சை வாங்குவதில் இவையே முதல் மூன்று. இவற்றை இருந்துகொண்டு செய்ய வழிபண்ணினால், மிச்சமாகும் மூச்சு நடைக்கு உதவும்.

ஒன்று மட்டும் விற்பனைக்கு வராத மருந்து: முகத்துக்கு நேரே காற்று. விசிறியால் கன்னத்திலும் மூக்கடியிலும் வீசினால் முட்டு உணர்வு தணிவதை ஆய்வுகளும் ஏற்றுக்கொள்கின்றன. பனையோலை விசிறி வீட்டில் கிடக்கிறது. ஆனால் நோயாளியே வீசினால் கை களைக்கும், பக்கத்தில் இருப்பவர் வீசட்டும், அல்லது சிறிய பற்றரி விசிறி ஒன்று. இளைத்துப் பயந்து, பயத்தில் இன்னும் இளைக்கிற அந்தச் சில நிமிடங்களுக்கு, முன்னுக்குக் குனிந்து முழங்கையை மேசையில் ஊன்றி, உதடு குவித்து, முகத்தில் காற்றோடு இருப்பதைச் சுகமான நாளிலேயே பழக்கி வைக்கவேண்டும்.

ஆள் வைப்பது பற்றி எனக்கு அரை மனம்தான். இரவில் தனியாக இருப்பவருக்கு ஆள் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் காசு வாங்கும் உதவியாளர் சும்மா இருந்தால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்கள் என்று எல்லாவற்றையும் தானே செய்வார். ஆறு மாதத்தில் அம்மா கட்டிலோடு. வேலைக்கு எடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்: "நீங்கள் செய்து குடுக்க வேண்டாம், அவ செய்யேக்கை பக்கத்திலை நில்லுங்கோ."

கனடாவுக்கே கூப்பிட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய 2400 மீற்றர் மலையில் நிற்பதற்குச் சமமாகக் குறையலாம், ஒட்சிசனும் அதற்கேற்பக் குறையும். வைத்தியர் பார்த்துச் சொல்லாமல் டிக்கெட் போடாதீர்கள். போய் இறங்கினாலும் குளிர்காற்று இந்த நெஞ்சுக்கு ஆகாது, படலையைத் தாண்டினால் பேச ஆளில்லாத வீட்டில் கால் இன்னும் வேகமாகத் தளரும். என் மனம் இங்கேயே வைத்திருக்கத்தான் சொல்கிறது. ஆனால் இங்கே பார்க்க ஒருவருமே இல்லை என்றால் கதை வேறு.

எந்த வரிசையை எடுத்தாலும் ஒரு பையைத் தயாராக வையுங்கள்: பம்பு, ஸ்பேசர், கிளினிக் கொப்பி, பாவிக்கும் மருந்துகளின் துண்டு. சளி நிறம் மாறிக் கூடினால், வழமையைவிட இளைத்தால் அன்றே வைத்தியரைக் காட்டுங்கள். ஒரு வசனம் முடிக்க முடியாமல் இளைத்தால், உதடு நீலம் பாரித்தால், புதிதாகக் குழம்பிப் பேசினால் அல்லது வழமையில்லாமல் தூங்கி வழிந்தால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அந்த வண்டிக்குக் காசில்லை. வண்டியில் ஏற்றும்போது "சிஓபிடி நோயாளி, ஒட்சிசன் 88க்கும் 92க்கும் இடையில் வைக்கச் சொல்லியிருக்கு" என்று, கிளினிக்கில் அப்படி எழுதித் தந்திருந்தால், கொப்பியை விரித்துக் காட்டிச் சொல்லுங்கள்.